பிறேக் பிடித்தும் ஏன் நிற்கவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. உள்ளே கணக்கு வருகிறது என்று கண்டதும் கடந்து போய்விட வேண்டாம். பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த, கொடுக்க யோசிக்கிற வாப்பாமார் கட்டாயம் வாசியுங்கள்.

உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கும் எங்களுக்கு வகையீட்டின் விதியைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டமான வேலையே இல்லை. அடுக்கை முன்னுக்குக் கொண்டுவந்து பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. ரெண்டு பாடவேளையில் பிடித்துக்கொள்வார்கள். இடப்பெயர்ச்சியை நேரம் குறித்து வகையிட்டால் வேகம், வேகத்தை இன்னொரு தடவை வகையிட்டால் ஆர்முடுகல். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். "அப்படியென்றால் என்ன மகன்?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

அதனால் நாங்கள் தென்னை மரத்தில் தொடங்குவோம். ஒரு தேங்காய் விழுகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால், அது விழுந்த தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் போல 5 மடங்கு. 1 செக்கனில் 5 மீற்றர், 2 செக்கனில் 20 மீற்றர். சரி, சரியாக 1 செக்கன் ஆகும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன? ஒரு கணத்தில் நேரமும் ஓடவில்லை, தூரமும் ஓடவில்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரிக்கவா?

பிரிக்க முடியாது, ஆனால் நெருங்கிப் போகலாம். அடுத்த 0.1 செக்கனில் தேங்காய் 1.05 மீற்றர் இறங்கும், சராசரி 10.5. அடுத்த 0.01 செக்கனை மட்டும் எடுத்தால் சராசரி 10.05. 0.001 செக்கன் என்றால் 10.005. இடைவெளியை ஒடுக்க ஒடுக்க விடை 10ஐ நோக்கிப் போகிறது. அந்த 10தான் பெறுதி. செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளின் மீற்றர் முள் காட்டுவதும் இதைத்தான். (பரீட்சையில் கதி வேறு, வேகம் வேறு, திசை சேர்ந்தால்தான் வேகம். ரோட்டில் ரெண்டும் 'ஸ்பீட்'தான், இங்கும் அப்படியே இருக்கட்டும்.)

நோன்பு விடுமுறைக்குப் பிறகு எங்கள் வகுப்பில் ஒரு கதிரை மூன்று கிழமை வெறுமையாக இருந்தது. இரவில் மெயின் ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோதி, கால் உடைந்து, அல்லாஹ் காப்பாற்றினான். ஊன்றுகோலோடு வந்த அன்றே அந்தப் பிள்ளை கேட்டது: "சேர், மாட்டைக் கண்ட உடனே நான் நல்லாப் பிறேக் புடிச்சன். அப்பயும் ஏன் நிக்கல்ல?"

அன்றைய பாடம் அதுவாகிவிட்டது.

அவர் சொன்னபடி வேகம் 70க்குக் கொஞ்சம் கூட. நாங்கள் 72 என்று எடுத்தோம், செக்கனுக்கு 20 மீற்றர். மாடு கண்ணில் பட்டது ஏறக்குறைய 25 மீற்றருக்கு முன்னால். கண் கண்டு கை பிறேக்கை அமுக்க 1 செக்கன். அதிலேயே 20 மீற்றர் போய்விட்டது! பிறகு பிறேக். காய்ந்த ரோட்டில் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் 5 மீற்றர் குறைகிறது என்று வைத்துக்கொண்டோம். பிறேக் பிடித்த பிறகு போகும் தூரம், நேரத்தின் 20 மடங்கிலிருந்து அதன் வர்க்கத்தின் 2.5 மடங்கைக் கழித்தால் வரும். வகையிட்டால் வேகம்: 20 கழித்தல் நேரத்தின் 5 மடங்கு. இன்னொரு தடவை வகையிட்டால் மிஞ்சுவது வெறும் கழித்தல் 5.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளை நிறுத்தி வைத்தோம். பிறேக்கால் தொட முடிந்தது அந்தக் கழித்தல் 5ஐ மட்டும்தான். அது வேகத்தை நேரடியாகத் தொடாது, தூரத்தைத் தொடவே தொடாது. அமர்முடுகல் வேகத்தைத் தின்ன நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குள் தூரம் ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் பூச்சியமாக 4 செக்கன், அதற்குள் 40 மீற்றர். முதலில் போன 20ஐயும் சேர்த்தால் 60. மாடு நின்றது 25இல். மோதும்போது வேகம் என்ன என்று கணித்தோம்: மணிக்கு 67 கிலோமீற்றர். பிறேக் குறைத்தது வெறும் ஐந்து.

அதே மாடு, அதே 25 மீற்றர், 36இல் வந்திருந்தால்? 20 மீற்றரில் நின்றிருக்கும். 50இல் வந்திருந்தாலும் மோதியிருப்பார், ஆனால் 33 அளவில். மழை நனைந்த, மணல் படிந்த ரோட்டில் அமர்முடுகல் பாதியானால் 72இன் 40 மீற்றர் 80 ஆகிவிடும். எங்கள் கரையோர ரோட்டில் மணலுக்கா பஞ்சம்?

கணக்கு வேண்டாம் என்கிற உம்மாமாருக்கு அந்தத் தேங்காயே போதும். 36இல் மோதுவது 5 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழுகிற வேகம். 72இல் மோதுவது 20 மீற்றர் உயரத்திலிருந்து, நல்லா வளர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து விழுகிற வேகம். வேகம் ரெண்டு மடங்கு, உயரம் நாலு மடங்கு.

மறுநாள் பிள்ளைகளே பாடசாலை மைதானத்தில் 20, 33, 60 மீற்றரில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்: 36இல், 50இல், 72இல் வந்தால் நிற்கும் இடங்கள். ஊன்றுகோல்காரர் மூன்றையும் நடந்து பார்த்தார், 60க்குப் போய்ச் சேர நிறைய நேரம் எடுத்தது. பின்னேரங்களில் கேற் திறந்திருக்கும், வாப்பாமாரும் வந்து பார்க்கலாம். மழை வரும்வரை கோடு அழியாது.