கம்ப்யூட்டருக்கும் மூச்சிரைக்குமா?

மிக்ஸி முனகினாலும் சரி, குக்கர் விசில் அடிக்காமல் சீறினாலும் சரி, வீட்டில் அது முதலில் எட்டுவது நம் காதுக்குத்தான். அந்தக் காதும், பால் கணக்கு நோட்டும் சேர்ந்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன்.

என் பெரிய பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒவ்வொரு பாகமாக வாங்கி, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினாள். கல்யாண வீடியோக்களை அதில் வெட்டி ஒட்டிக் கொடுத்து, தன் செமஸ்டர் கட்டணத்தைத் தானே கட்டி வருகிறாள்.

போன மாதம் வீடு மாறினோம். வந்த மறுநாளே பெட்டிக்குள் இருந்த ஃபேன் ஒரு தினுசாகச் சுற்ற ஆரம்பித்தது. 'உய்ய்ய்' என்று ஏறும், ஐந்து விநாடியில் அடங்கும், மறுபடி ஏறும். ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுகிற மாதிரி! வேலையும் ஆமையாக நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோ பாதியில் நின்றது.

கடைக்காரரிடம் போனில் கேட்டாள். பெட்டியைப் பார்க்காமலே, "மதர்போர்டு போயிருக்கும்மா, 9,000 ரூபாய் ஆகும்" என்றார். என் கணவரோ, "கம்பெனி கம்ப்யூட்டரா வாங்குன்னு அப்பவே சொன்னேன். வந்த விலைக்குத் தள்ளிடு" என்று பேப்பரை மடித்தார். பெண் பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டையும் அளைந்துவிட்டு எழுந்துவிட்டாள். ஃபேன் சத்தத்தைவிட அந்த மௌனம்தான் என்னை உறுத்தியது.

"ஏன்டி, ஜுரம்னு போனா டாக்டர் முதல்ல என்ன கேட்கிறார்? எத்தனை நாளா, எப்பெப்போன்னுதானே? வா, நாமும் அதையே கேட்போம்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி: எந்த ஃபேன்? பெட்டிக்குள் மூன்று இருக்கின்றன: பிராசஸர் மேல் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கரண்ட் வரும் பவர் சப்ளைக்குள் ஒன்று. பயாஸ் திரையில் பார்த்தால் பின்பக்க ஃபேன் நிதானமாகச் சுற்றியது. ஏறி இறங்கியது பிராசஸர் ஃபேன்தான்.

இரண்டாவது: சூடு எவ்வளவு? அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சும்மா இருக்கையில் 42 டிகிரி. ஒரு பக்கத்தைத் திறந்தால் கண் மூடித் திறப்பதற்குள் 75. உடனே மறுபடி 45. வீடியோ வேலை கொடுத்தால் 100-ஐத் தொட்டது. அந்த அளவுக்குப் போனால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். வேலை ஊர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் ஃபேன் மேல் தப்பே இல்லை! சூடு எகிறுகிறது, அது ஓடி ஓடி விசிறுகிறது. தோசைக்கல் அடுப்பில் கோணலாக உட்கார்ந்தால் மாவு ஒரு பக்கம் வேகாது இல்லையா? அதேபோல, பிராசஸர் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி அதன்மேல் சரியாகப் படியாவிட்டால் சூடு வெளியேற வழி ஏது?

"வீடு மாறினப்புறம்தானே இது?" என்றேன். பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தைப் போக்கிக்கொண்டு திறந்தாள். நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்று தூக்கிக்கொண்டு நின்றது! வண்டியில் வந்த குலுக்கல்தான்.

கட்டியை எடுத்து, காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தாள். புதுசாக ஒரு பட்டாணி அளவு வைத்தாள். பின்களை எதிரெதிர் மூலையாக, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்தினாள். மறுபடி வீடியோ ஓடியபோது 72 டிகிரியைத் தாண்டவில்லை. சின்னச் சின்ன ஏற்றத்துக்கெல்லாம் ஃபேன் பதறாமலிருக்க, பயாஸில் அது வேகம் கூட்டுமுன் சில விநாடி பொறுக்கும்படி வைத்தாள். செலவு? பேஸ்ட்டுக்கும் ஆல்கஹாலுக்கும் மட்டும்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏறி இறங்கினால் தூசியையும் பாருங்கள். ஊதிச் சுத்தம் செய்கையில் ஃபேன் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். ஏதாவது வயர் இதழில் உரசுகிறதா என்றும் பாருங்கள். 4 கம்பி ஃபேனானால் பயாஸில் பிடபிள்யூஎம், 3 கம்பியானால் டிசி என்று இருக்க வேண்டும். பெட்டியைச் சுவரோடும் திரைச்சீலையோடும் ஒட்டி வைக்காதீர்கள். முக்கியமாக, பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை.

வீடியோ சனிக்கிழமையே போய்ச் சேர்ந்தது. மறுநாள் காபி குடிக்கும்போது என் கணவர் மெதுவாக, "ஏம்மா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டுக் கம்ப்யூட்டரும் சத்தம் போடுதாம், வந்து பார்ப்பியா?" என்று கேட்டார். "பார்க்கிறேன்ப்பா. எப்பெப்போ சத்தம் வருதுன்னு முதல்ல எழுதி வைக்கச் சொல்லுங்க" என்றாள் பெண், பெரிய டாக்டர் மாதிரி!

சகோதரிகளே, உங்கள் பெண் ஸ்க்ரூ டிரைவர் கேட்டால் யோசிக்காமல் எடுத்துக் கொடுங்கள். ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.