இடிக்க வேண்டாம், ஓடு மாத்தினால் போதும்!

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, அரூர் பஸ் பிடித்து, அங்கிருந்து தீர்த்தமலை ரோட்டில் இன்னொரு பஸ் ஏறினால்தான் எங்கள் மாமனார் ஊர் வரும். வழியெல்லாம் புளியமரம், மாந்தோப்பு, நடுநடுவே மரவள்ளிக் காடு. தூரத்தில் தீர்த்தமலை தெரிய ஆரம்பித்ததும் குழந்தைகள், "பாட்டி ஊரு வந்தாச்சு!" என்று ஜன்னலோரம் ஓடிவிடுவார்கள். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். ஊரில் எந்த நல்ல காரியமானாலும் முதலில் கையெடுத்துக் கும்பிடுவது அந்தத் திசையைத்தான்.

இந்தத் தடவை நாங்கள் போனது திருவிழாவுக்கு இல்லை. வீட்டை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு கட்டுவதற்கு!

போன மார்கழியில் ராத்திரி கொல்லைப்புறம் போன அத்தை, ஈரப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டு எங்களோடு சென்னைக்கு அழைத்து வந்தோம். மூன்று மாசம் இருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. பொழுதன்னிக்கும் பால்கனியில் உட்கார்ந்து எதிர் பில்டிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன அத்தை பாக்கறீங்க?" என்றால், "ஒண்ணுமில்லை கண்ணு. ஓடு வழியா மழை இறங்கியிருக்குமோன்னு நினைச்சேன்" என்பார்.

என் கணவரின் அண்ணன், "இடிச்சுட்டு கான்கிரீட்டா கட்டிடலாம், இல்லாட்டி வித்துடலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுபது வருஷத்து மண்சுவர் வீடு. ஆனால் புதுசாகக் கட்ட லட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டும். எங்கள் கையில் இருந்ததோ ஒன்றரை லட்சம். "இந்தப் பணத்துக்குள்ள அத்தை பயமில்லாம இருக்கற மாதிரி பண்ணிக் காட்டறேன் மாமா. முடியலைன்னா உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது!

போன உடனே பெயின்ட் கடைக்கு ஓடத்தான் எனக்குக் கை பரபரத்தது. தடுத்தவர் ஊர் மேஸ்திரி. வயசானவர். சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "ஏம்மா, சாயம் அப்புறம். தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க" என்றார்.

சகோதரிகளே, பழைய வீட்டில் கை வைக்கும் முன் இந்த ஒரு வார்த்தையை மனசில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர்தான். மேலேயிருந்து ஒழுக்கு, கீழேயிருந்து ஓதம். இரண்டையும் நிறுத்தாமல் என்ன அலங்காரம் செய்தாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

மேலே பார்த்தோம். உள்ளே நாட்டு ஓடு, முன் திண்ணைக்கு மட்டும் சீமை ஓடு. பிரித்து இறக்கியபோது ஓட்டின் அடியில் ஏதோ எழுத்து இருப்பதைப் பார்த்துப் பையன் சத்தம் போட்டான். 'மங்களூர்' என்று ஆங்கிலத்தில் அச்சு! 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில், தென்னிந்தியா முழுக்கப் பரவி இந்தத் திண்ணைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மொத்த ஓட்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அப்படி இல்லை. நல்ல ஓடுகளைக் கழுவிக் காய வைத்தோம். உடைந்ததற்கு, பக்கத்து ஊரில் இடித்த வீட்டுப் பழைய ஓடுகளையே பேரம் பேசி வாங்கினோம். உளுத்த ரீப்பர் கட்டைகளை மட்டும் மாற்றினோம். சமையல்கட்டுக்கும் நடைக்கும் இரண்டிரண்டு கண்ணாடி ஓடு வைக்கச் சொன்னேன். பகலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்த சமையல்கட்டில் இப்போது அரிசியில் கல் பொறுக்கலாம். அத்தனை வெளிச்சம்!

கீழே ஓதம் வந்ததற்குக் காரணம்... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்களேதான். பத்து வருஷம் முன்பு 'பலமாக இருக்கட்டும்' என்று மண்சுவருக்கு இடுப்பளவு சிமென்ட் பூசினோம். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய சாதனை. ஆனால் மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. உள்ளே தங்கிய ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, சுவரையே பொரபொரவென்று உதிர்த்துவிட்டது. தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம்.

மேஸ்திரி சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாக ஆறவிட்டு, பிறகு சுண்ணாம்புக் காரை பூசினார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்தது. பூசிய பிறகு சில நாள் வெயில் படாமல் சாக்குப் போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவாக மண்ணை இழுத்துவிட்டார். செலவில்லாத வேலை. ஆனால் பாதி ஓதம் அதிலேயே நின்றது.

ஒரு எச்சரிக்கை. கிளிஞ்சலோ கல்லோ, சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், கசக்காமல், நிறையத் தண்ணீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

வெள்ளையடிப்பது நாங்களே. சுண்ணாம்பைப் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பும் சொட்டு நீலமும் கலந்து, சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிசாக மூன்று கை. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் பொருக்குத் தட்டிவிடும்.

அடுத்தது கதவு, ஜன்னல். பச்சை பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்கார்ந்த நாத்தனார் மகளை, "எழுந்திரு, எழுந்திரு!" என்று விரட்டினேன். அவள் ஐந்து மாசம் முழுகாமல் இருக்கிறாள். அந்தக் காலத்து எண்ணெய் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி காற்றில் பறக்கும், தரையில் படியும். தவழும் குழந்தை கையால் தொட்டு வாயில் வைத்துக்கொள்ளும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணி வயிற்றுக்குள் இருக்கும் சிசுவுக்கும் போய்ச் சேரும்.

ஆகவே கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அந்த வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். தண்ணீர் தொட்டு, ஈரமாகவே தேய்க்க வேண்டும். முகத்துக்கு நல்ல முகக்கவசம் வேண்டும். விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சுரண்டிய தோலை எரிக்கவே கூடாது. உறுதியாக ஒட்டியிருக்கும் பெயின்டைச் சுரண்டாமல், மேலேயே புதுப் பெயின்ட் அடிப்பது இன்னும் நல்லது. நாங்கள் உரிந்த இடங்களை மட்டும் எடுத்தோம்.

இதற்கெல்லாம் மேலாக, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டாமா? அத்தையின் படுக்கை அறையை ஒட்டி நெல் மூட்டை போட்டிருந்த சின்ன அறை சும்மா கிடந்தது. அதையே குளியலறையும் கழிவறையுமாக்கினோம். சொரசொரப்பான டைல்ஸ், எட்டு வைக்கும் இடத்தில் கைப்பிடிக் கம்பி, உட்காரும் கழிவறை, வாசலில் படியே இல்லை. கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச். பழைய துணி சுற்றிய வயரையெல்லாம் மாற்றி, மின்கசிவு வந்தால் தானே அணைந்துகொள்ளும் கருவியையும் வைத்தோம். கூடத்துக் காவித்தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கலாம் என்றாள் நாத்தனார். வேண்டாம் என்றேன். வயசானவர் நடக்கும் தரை மின்ன வேண்டியதில்லை!

தண்ணீர் விஷயமும் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். இதற்காகவே ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீர், மற்றதுக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று அத்தைக்கு இரண்டு நிறக் குடம் வாங்கி வைத்தோம். புது ஓட்டுக்குத் தகரத் தாழ்வாரம் கட்டி, மழைத் தண்ணீரையும் தொட்டியில் பிடிக்கிறோம்.

கடைசியில்தான் அலங்காரம். அதற்கென்று ஒரு நாள், கோட்டப்பட்டி வழியாகச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கிக்குப் போனோம். 1993-ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி ஓலைக்குடிசையில் பழங்குடி மக்களுக்கு வைத்தியம் தொடங்கிய ஊர் அது. அங்கே லம்பாடிப் பெண்கள், மறந்துபோக இருந்த தங்கள் பாட்டிமாரின் தையல் வேலையை மறுபடி கற்றுக்கொண்டு 'பொறுகை' என்ற பெயரில் செய்து விற்கிறார்கள். அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமை என்று அர்த்தமாம். எத்தனை பொருத்தம்! சிவப்பும் நீலமுமாக இரண்டு திண்டு உறை வாங்கினேன். ஜன்னல் திரை அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகள். பரணில் கறுத்துக் கிடந்த பித்தளை அண்டா, புளி போட்டுத் தேய்த்ததும் திண்ணைக்கு ராஜாவாகிவிட்டது.

கணக்குச் சொல்கிறேன். ஓட்டு வேலை 48,000 ரூபாய். குளியலறை 52,000. பூச்சும் சுண்ணாம்பும் 21,000. வயரிங் 16,000. கதவு, ஜன்னல் 6,500. திரை, உறை 3,200. ஆக 1,46,700. மீதி 3,300 ரூபாய்க்கு மேஸ்திரிக்கு வேட்டி, துண்டும், வேலை செய்தவர்களுக்குக் கறிச்சோறும்!

வைகாசியில் ஒரு ராத்திரி கோடைமழை கொட்டித் தீர்த்தது. பழக்கதோஷத்தில் வாளியைத் தேடிக்கொண்டு எழுந்தேன். கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. அத்தையின் அறையில் விளக்கு எரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"தூங்கலையா அத்தை?"

"மழைச் சத்தம் கேட்டுக்கிட்டிருந்தேன். ஓட்டு மேலதான் விழுது, உள்ள இல்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "பெரியவனுக்கு போன் போட்டுச் சொல்லு கண்ணு" என்றார்.

காலையில் முதல் வேலையாகச் சொன்னேன். "அடுத்த வாரம் வர்றேன். அந்தத் திண்ணையில படுத்து எத்தனை வருஷமாச்சு!" என்றார் பெரிய மாமா. விற்பதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.