கையில் ஒரு நகரப்படம்

எமது பெண்களுக்குப் பிரயாணம் புதியதல்ல. 1990இல் ஊரை விட்டு ஓடினோம். 2004இல் கடல் வந்தபோது நாவலடியிலிருந்தும் டச்பாரிலிருந்தும் ஓடினோம். 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மூட்டைமுடிச்சுகளுடன் வந்தவர்களை முகாம்களில் கண்டோம். அந்தப் பிரயாணங்கள் எதிலும் எந்த வழியால் போவது என்பதை நாம் தீர்மானிக்கவில்லை.

இப்போது சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் சென்னை, மதுரை, வேளாங்கண்ணி பார்த்து வரப் போகும் பெண்கள் கல்லடியிலும் நொச்சிமுனையிலும் இருக்கின்றார்கள். சந்தோசமான விடயம்தான். ஆனால் திரும்பி வந்தவர்களிடம் "மதுரையில என்ன பார்த்தீங்க அக்கா?" என்று கேட்டால், "வானுக்குள்ள இருந்து பார்த்ததுதான் மகள்" என்கிறார்கள். கூட்டிப் போனவர் காட்டிய கோயில், அவர் காட்டிய புடைவைக்கடை, பிறகு லொட்ஜ். இரண்டு சந்தி தள்ளி நடந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வரப் பயம். வழி தெரியாது என்பதுதான் காரணம்.

அதனால் பிரயாணம் போகவிருக்கும் குழுக்களுடன் கதைக்கும்போது நகரப்படம் ஒன்றையும் எடுத்துச் செல்கின்றேன். முதலில் பலர் தொடவே தயங்குவார்கள். போர்க்காலத்தில் வரைபடம் என்றால் ஆயுதம் வைத்திருந்தவர்களின் பொருள். அது பையில் இருந்தால் சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டி வரும் என்ற பயம் சில அம்மாக்களுக்கு இன்னும் போகவில்லை. "எங்களுக்குத் திசை விளங்காது" என்றும் சொல்வார்கள். சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் பெயர் வைத்து வாழ்கின்ற எமக்கா திசை விளங்காது?

ஒரு படம் நல்லதா என்பதை அறிய எனக்குத் தெரிந்த சுலபமான வழி, அதே கம்பனியோ அதே கைத்தொலைபேசிச் செயலியோ எமது ஊரை எப்படிக் காட்டுகின்றது என்று பார்ப்பதுதான். கல்லடியில் ஒரு பாலம் மட்டும் இருந்தால் அந்தப் படம் 2013க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் புதிய பாலம் திறக்கப்பட்டது. 1924இல் திறக்கப்பட்ட லேடி மானிங் பாலம் அதன் பக்கத்திலேயே நிற்கின்றது. உங்கள் ஒழுங்கை இருக்கின்றதா, இராமகிருஷ்ண மிஷன் சரியான இடத்தில் இருக்கின்றதா என்றும் பாருங்கள். தெரிந்த ஊரில் பிழை விடும் படத்தைத் தெரியாத ஊரில் எப்படி நம்புவது?

அதேபோல அச்சிட்ட ஆண்டையும் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி, மதுரைப் பக்கம் போகும் அரச பஸ்களுக்கு 2023 டிசம்பர் 30இல் வண்டலூருக்கு அருகே கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தார்கள். அதற்கு முந்திய படம் உங்களைக் கோயம்பேட்டுக்கு அனுப்பும். இரவில் பிள்ளைகளுடன், பைகளுடன் மாறி இறங்கினால் ஓட்டோக் காசு மட்டுமல்ல, மனத்தைரியமும் போய்விடும். வீதிகளின் பழைய பெயரும் தேவை. படத்தில் அண்ணா சாலை என்றிருக்கும். வழி கேட்டால் மவுண்ட் ரோடு என்பார்கள். இரண்டையும் போட்ட படமே நல்ல படம். சென்னை வாலாஜா சாலையில் தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் கட்டிடம் உள்ளது. அங்கேயும் தமிழில் படம் இருக்கின்றதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அளவுத்திட்டம் என்றதும் பலர் கணக்குப் பாடம் என்று ஒதுங்குகிறார்கள். தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது சின்ன வேலை. 1:10,000 என்றிருந்தால் படத்தில் 1 சென்ரிமீற்றர், நிலத்தில் 100 மீற்றர். வளைந்த வீதியில் நூலை வைத்து, பிறகு நூலைத் தையல் நாடாவில் அளந்தால் நடக்கும் தூரம் கிடைத்துவிடும். 1:50,000 படத்தில் 1 சென்ரிமீற்றர் 500 மீற்றராகிவிடும், ஒழுங்கைகள் தெரியாது. அது நடப்பதற்கு உதவாது. எல்லாப் படமும் தூரத்தைக் காட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1933இல் வெளிவந்த ஹரி பெக்கின் இலண்டன் பாதாள ரயில் படம் நிலையங்களின் வரிசையை மட்டுமே காட்டியது. இன்றும் அதே முறைதான். கொவன்ற் கார்டனுக்கும் லெஸ்ரர் ஸ்குவாருக்கும் இடையில் 300 மீற்றர்கூட இல்லை. இலண்டனில் மகளைப் பார்க்கப் போகும் அம்மாமார் அதற்கு ரயில் எடுக்கத் தேவையில்லை.

கைத்தொலைபேசிப் படத்தை வீட்டிலேயே வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் அங்கு டேட்டா இல்லாமலும் பார்க்கலாம். ஓர்கானிக் மெப்ஸ் அப்படிப்பட்டது. அது எடுத்தாளும் ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் சாதாரண மக்கள் சேர்ந்து வரைவது. மண்முனை வடக்கில் 30,000க்கு மேற்பட்ட கட்டிடங்களை அதில் வரைந்தார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் அந்த வேலையில் இருந்தன. ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: நீங்கள் இருக்கும் இடத்தை உங்கள் தொலைபேசி இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றதா? வீட்டில் வன்முறைக்கு உட்பட்ட பெண்களுக்கு இது சின்ன விடயமல்ல. பற்றரியும் தீர்ந்து போகும், ஆகவே கடதாசிப் படமும் வேண்டும்.

முதன்முறை தனியே நடந்து பழக மதுரையைத்தான் நான் சொல்வேன். அந்த நகரமே ஒரு படம் போன்றது. மீனாட்சி அம்மன் கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், வெளியே சித்திரை வீதிகள், அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், வெளி வீதிகள். ஒவ்வொன்றிலும் நான்கு திசைக்கும் ஒன்று. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. ரயில் நிலையம் மேல வெளிவீதியில். அங்கிருந்து டவுன்ஹால் ரோட்டால் கிழக்கே சுமார் 1 கிலோமீற்றர் நடந்தால் கோயில். தடுமாறினால் கோபுரத்தைப் பார்க்கலாம். தெற்குக் கோபுரம்தான் உயரம் கூடியது.

நொச்சிமுனை அக்கா ஒருவர், 1990இல் கணவரை இழந்தவர், போன வருடம் அங்கே போனார். விடிய எழும்பி, மற்றவர்கள் நித்திரையில் இருக்க, படத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கின்றார். மல்லிகைப்பூ வாங்கி, கோப்பி குடித்து, வான் புறப்படும் முன்னர் திரும்பி வந்தார். நடந்த வீதிகளுக்குப் பேனையால் கோடு போட்டிருந்தார். பதினொன்று என்று எண்ணிக் காட்டினார். இப்போது சிதம்பரம் படம் தேடித் தரச் சொல்லி இரண்டு தரம் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.