மீன் ஏன் முன்னால் வரவில்லை?

2022 டிசம்பரில் 'அவதார்' இரண்டாம் பாகம் பார்க்கப் போனோம். வேறு டிக்கெட் கிடைக்காததால் முன்னாலிருந்து மூன்றாவது வரிசை. மீன் கூட்டம் மூக்குக்கு எதிரே வந்தபோது தியேட்டரே 'ஓ' போட்டது. என் எட்டு வயதுத் தங்கை மட்டும் கண்ணாடியைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எனக்கு எதுவுமே முன்னால வரலையே..."

என் கண்ணாடியைக் கொடுத்தேன். அதிலும் வரவில்லை. "சும்மா படத்தைப் பாரு" என்று அதட்டினேன். அது இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்தால் எனக்குத் தலைவலி. "3டி பார்த்தா கண்ணு கெட்டுடும்" என்றார் அம்மா. சரி, என்னதான் நடக்கிறது என்று தேடிப் படித்தேன்.

உங்கள் விரலை மூக்கருகே கொண்டுவந்து பாருங்கள். இரண்டு கண்களும் உள்பக்கம் திரும்பும். கூடவே கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் தடிக்கும். இரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள் மாதிரி, சேர்ந்தேதான் போகும். 3டி படத்தில் மீன் ஒரு முழ தூரத்தில் இருப்பதாக நினைத்துக் கண்கள் திரும்புகின்றன. ஆனால் வெளிச்சம் வருவது திரையிலிருந்து, அதனால் லென்ஸ் திரையிலேயே நிற்க வேண்டும். மாடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? :)

இந்த இழுபறி கண்ணைக் களைப்பாக்குகிறது என்று பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2008-இல் சோதித்துக் காட்டினார்கள். திரை தள்ளியிருந்தால் தொல்லை குறைவு. கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் 3டி டிவியிலும் விஆர் ஹெட்செட்டிலும் அதிகம். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், கண் கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் தங்கைக்கு ஏன் தெரியவில்லை? கண் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. அவளுடைய இடது கண் 'சோம்பேறிக் கண்'. மூளை அதைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டு கண் படங்களும் சேர்ந்தால்தானே ஆழம் தெரியும்? இத்தனை நாள் ஒற்றைக் கண்ணாலேயே சமாளித்திருக்கிறாள், எங்களில் யாருக்கும் தெரியவில்லை. படம் கண்ணைக் கெடுக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

இன்னொரு விஷயமும் படித்தேன். புரூஸ் பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வாழ்நாளெல்லாம் ஆழம் தெரியாமல் இருந்தவர். அறுபது வயதைத் தாண்டி, 2012-இல் 'ஹியூகோ' படத்தை 3டியில் பார்த்தபோது அவருக்குத் திடீரென்று ஆழம் தெரிந்திருக்கிறது. வெளியே வந்த பிறகும் அது போகவில்லையாம்! எல்லோருக்கும் இப்படி நடக்காது. சின்ன வயதில் வைத்தியம் பார்ப்பதுதான் நல்லது என்றார் டாக்டர்.

நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பள்ளியில் 'கடற்கொள்ளைக்காரி' என்று கேலி செய்ததில் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அந்த ஒட்டில் அவளே மண்டை ஓடு வரைந்துகொண்டு போனாள்.

இப்போது பாட்டிக்கு ஊசியில் நூல் கோர்ப்பது அவள் வேலை. முன்பு நாலைந்து தடவை தவறும்.