தன்லியின்: மழையைச் சேர்த்தால் சுவரும் குளிரும்

ரங்கூனிலிருந்து பகோ ஆற்றைத் தாண்டினால் தன்லியின். பழைய பெயர் சிரியம். சாலையும் ரயில் பாதையும் கொண்ட பாலம் 1993இல் வந்தது. பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது.

ஏப்ரலில் தகரக் கூரையின் கீழ் உட்கார முடியாது. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை அடைமழை. ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர். அத்தனையும் ஆற்றோடு போகிறது.

சுவரில் கொடி ஏற்றினால் இலை வெயிலை மறைக்கும். இலையிலிருந்து ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் கொடிக்குத் தண்ணீர் வேண்டியது மழையில்லாத மாதங்களில்.

கணக்குப் பாருங்கள். 10 சதுர மீட்டர் சுவருக்கு நாளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால், 200 நாளுக்கு 4,000 லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் ஓராண்டில் விழுவதோ 50,000 லிட்டர். பத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலே போதும்.

தொட்டிதான் செலவு. நாலு வீடு சேர்ந்தால் பாரம் குறையும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். கொசு புகாமல் வாயை வலையால் கட்ட வேண்டும். பாகல், அவரை ஏற்றினால் கறிக்கும் ஆகும்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம்மில் பலர் வீட்டுக்கும் தகரக் கூரைதான். அடுத்த மழைக்கு முன் தொட்டிக்கு இடம் பார்த்துவிடுவோம்.