நரம்புச் சுருட்டல்: அம்மாவின் கால்களும் ஒரு ஸ்டூலும்

செமஸ்டர் முடிஞ்சு வீட்டில் உட்கார்ந்திருக்கேன். இந்த முறை இயற்பியல் பாடம் இல்லை, ஆனால் கொஞ்சம் இயற்பியலும் வரும். பயப்படாமல் படியுங்கள் :-)

எங்கள் அம்மா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பதினாலு வருஷமாக. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு வருவார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நின்றபடிதான். வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவார். சின்ன வயசில் அதை அம்மாவின் ஒரு விளையாட்டு என்று நினைத்து நானும் பக்கத்தில் அதே மாதிரி படுத்துக்கொள்வேன். அது விளையாட்டு இல்லை, வைத்தியம் என்று தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

போன வருஷம் ஒருநாள் தைலம் தேய்த்துவிட உட்கார்ந்தபோதுதான் சரியாகப் பார்த்தேன். இடது கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாக, புழு நெளிவது மாதிரி புடைத்துக்கொண்டு ஒரு கோடு. முழங்காலுக்குப் பின்னால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய சிவப்புக் கோடுகள். கணுக்காலுக்கு உட்பக்கம் தோல் கருத்து, தொட்டால் தடிப்பாக இருந்தது.

"என்னம்மா இது?"

"நரம்பு சுருட்டிக்கிச்சுடி. கடையில பாதிப் பேருக்கு இருக்கு. சும்மா கெட."

இதில் "நரம்பு" என்ற வார்த்தைதான் வில்லன். தமிழில் நாம் தோலுக்கு மேலே தெரியும் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். அம்மாவும் மருந்துக்கடையில் போய் "நரம்பு வலி" என்று சொல்லி, ரெண்டு வருஷம் நரம்புக்கான வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் சுருண்டிருப்பது நரம்பே இல்லை. அது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஒரு வார்த்தை தப்பானதால் ரெண்டு வருஷமும் மாத்திரைக் காசும் போச்சு.

சரி, இயற்பியலுக்கு வருவோம். நிற்கும்போது அம்மாவின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே சுமார் 1.1 மீட்டர் உயரம். ரத்தத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1060 கிலோ. உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு மூன்றையும் பெருக்கினால், கணுக்காலில் இருக்கும் சிரையில் சுமார் 85 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வருகிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி கீழ்க்குழாயை அழுத்துகிற அதே கணக்குதான்.

அப்படியானால் நம் எல்லார் காலும் வீங்க வேண்டுமே? வீங்காததற்குக் காரணம் ஆடுசதை. நடக்கும்போது அது சுருங்கி, உள்ளே இருக்கும் ஆழமான சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் கீழே திரும்பாமல் இருக்க, சிரைக்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன. நல்ல காலில், நடக்க ஆரம்பித்ததும் அந்த அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். இந்த வால்வுகளை விளக்கி ஃபாப்ரிசியஸ் 1603இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவியபோது இதே வால்வுகளைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.

நின்ற இடத்திலேயே நின்றால் ஆடுசதைக்கு வேலையே இல்லை. அழுத்தம் இறங்காது. சிரை மெல்ல விரியும். விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாது. கதவு மூடாவிட்டால் ரத்தம் கீழே ஒழுகும், இன்னும் விரியும். பரம்பரை, கர்ப்ப காலம், உடல் எடை, வயசு எல்லாமும் இதில் சேரும். பாட்டிக்கும் இருந்ததாம். ஆகவே எல்லாப் பழியையும் கடையின் மேல் போட முடியாது. ஆனால் பாதிப் பேருக்கு இருக்கிறது என்றால், பாதிப் பேருக்கும் ஒரே பாட்டியா என்ன?

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அம்மாவை நிற்க வைத்தே காலைப் பார்த்தார். படுத்தால் புடைப்பு வடிந்துவிடும், அதனால்தான். பிறகு டாப்ளர் ஸ்கேன். தொடையின் உட்பக்கம் ஓடும் பெரிய மேற்புறச் சிரையில் ரத்தம் பின்னோக்கி வருகிறது என்று தெரிந்தது. கணுக்காலின் கருப்பு, கசிந்த ரத்த அணுக்களின் இரும்பு தோலில் தங்கியதால் வந்தது. கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் ஆறாத புண் வரலாம் என்றார். அதைக் கேட்டதும் அம்மா முகம் மாறியது. கடையில் கூட வேலை பார்த்த ஒரு அக்கா அப்படிப் புண் வந்துதான் வேலையை விட்டு நின்றவர்.

"கத்தி வைக்கணுமா சார்?" என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வி. அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

சிலந்தி வலை போன்ற கோடுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியவை. பெரும்பாலும் ஆபத்து இல்லை. அழகுக்காகப் போக்க நினைத்தால், மிக நுண்ணிய ஊசியால் மருந்து செலுத்தி மூடலாம். பல தடவை போக வேண்டியிருக்கும், புதிதாகவும் வரலாம்.

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் புடைத்தவைதான் வெரிகோஸ் சிரைகள். கெட்டுப்போன வால்வு தைலத்தாலோ மாத்திரையாலோ திரும்பச் சரியாகாது. ஆனால் சரியாகாத சிரையை மூடிவிடலாம். ரத்தம் வேறு நல்ல சிரைகள் வழியாகப் போய்விடும். லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் உள்ளிருந்தே மூடுவது ஒரு வழி, நுரை மருந்து செலுத்துவது இன்னொரு வழி. ஊசித்துளைதான், மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதலும் இந்த இரண்டையும் முன்னால் வைத்து, அறுவை சிகிச்சையைக் கடைசியில்தான் வைக்கிறது.

அதுவரைக்கும் அழுத்தக் காலுறை. கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். வெளியிலிருந்து அமுக்குவதால் விரிந்த சிரை ஒடுங்கும், வீக்கமும் கனமும் குறையும். நோயைக் குணப்படுத்தாது, போட்டிருக்கும் வரைதான் பலன். காலையில் கால் வீங்குவதற்கு முன் போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். முக்கியமானது: காலுக்கு வரும் தமனியில் அடைப்பு இருந்தால் இதைப் போடவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் கால் நாடியைச் சோதிக்காமல் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

மதுரை வெயிலில் அதைப் போட அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. ரெண்டாயிரத்துக்கும் மேலே விலை என்றதும் இன்னும் மோசம். பாத்திரம் கழுவும் ரப்பர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு இழுத்தால் சுலபமாக ஏறும் என்று கண்டுபிடித்து, ஒரு வாரம் நானே போட்டுவிட்டேன். இப்போது "சாயங்காலம் கால் கல்லா கனக்கல" என்று சொல்கிறார். பல் தேய்க்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குவது, தினம் கொஞ்சம் நடை, இரவில் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் படுப்பது... இவை காசில்லாத வைத்தியம்.

ஆனால் பதினோரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுக் காலுறை போடச் சொல்வது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரிதானே?

கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதி கட்டாயம் என்று திருத்தம் நிறைவேறியது. 'அங்காடித் தெரு' படம் வந்தது 2010இல். இந்தக் கால்களைப் பற்றி ஒரு வரி சட்டத்தில் ஏற அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

அம்மாவின் கடையிலும் ஒரு ஸ்டூல் வந்தது. ஒரு மாடிக்கு ஒன்று. அதன் மேல் எப்போதும் சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே யாரும் உட்காரவில்லை.

போன மாதம் அம்மா டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி, சேலைக் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ரெண்டு நிமிஷம்தான். மறுநாள் இன்னொரு அக்கா உட்கார்ந்தாராம். "மூணாவது நாள் ஸ்டூலுக்குச் சண்டைடி" என்று சிரித்தார். இன்னும் நாலு ஸ்டூல் கேட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. லேசர் சிகிச்சைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால், படுக்க வைத்துக் காலை உயர்த்தி, அந்த இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், பிறகு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்றைக்கு இரவு உங்கள் வீட்டில் நின்றே வேலை பார்க்கிறவர் யாரோ, அவருடைய கணுக்காலை ஒருமுறை பாருங்கள். சும்மா கெட என்பார்கள். விடாதீர்கள்.