திருநீற்றில் தொடங்கும் நிறம்

மதுரையில் கல்யாண ஆல்பம் போடும் ஒரு கலர் லேபின் மாடியறை. சுவரெல்லாம் மங்கிய சாம்பல் பூச்சு, ஜன்னலுக்குக் கறுப்புத் திரைச்சீலை. கலர் கரெக்‌ஷன் பார்க்கும் அக்கா வேலைநாளில் சிவப்பு, மஞ்சள் சேலை கட்டுவதில்லை. துணியின் நிறம் மானிட்டரில் பட்டாலே கண் ஏமாறும் என்கிறார்.

அவர் திறந்தது ஒரு முகூர்த்தப் படம். மண்டபத்து டியூப்லைட் பச்சையைக் கொட்டியிருக்கிறது. வீடியோவுக்குப் பிடித்த விளக்கு 3,200 கெல்வின் பக்கம், ஃபிளாஷ் 5,500 பக்கம். நம் கண் இதையெல்லாம் தானே சரிக்கட்டிக்கொள்ளும், கேமராவுக்கு அது தெரியாது. மணப்பெண்ணின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் பச்சை. மோவாய்க்குக் கீழே கூறைப்புடவையின் அரக்கு வேறு ஏறியிருந்தது.

அக்கா முகத்தைத் தொடவில்லை. நிறமே இல்லாத ஒரு பொருளைத் தேடினார். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சந்தன நிறம். அதை வெள்ளை என்று சாஃப்ட்வேருக்குக் காட்டினால் படம் முழுக்க நீலம் பாயும். மாமாவின் பருத்தி வேட்டியோ சொட்டுநீலம் போட்டது, அதைக் காட்டினால் எல்லோர் முகமும் மஞ்சளித்துவிடும். கடைசியில் தாத்தாவின் நெற்றிப் பட்டையில் கர்சரை வைத்தார். "திருநீறு ஓரளவு பொய் சொல்லாது சார். கேமராமேன் ஒரே ஒரு படத்துல கிரே கார்டு பிடிச்சிருந்தா இந்தப் பாடே இல்ல."

பிறகுதான் கன்னத்துக்கு வந்தார். எண்களைப் பார்த்தார். எந்தத் தோலானாலும் சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். அச்சு மையின் கணக்கில் மஞ்சள் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். தோல் கறுக்கக் கறுக்க சயான் கூடும். பச்சை விழுந்த கன்னத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து, மெஜந்தாவைத் துளித்துளியாக ஏற்றினார். பக்கத்தில் நின்ற தங்கை மணப்பெண்ணைவிட ஒரு படி கறுப்பு. அந்த வித்தியாசம் அப்படியே நின்றது.

வரவேற்புப் படங்கள்தான் அவருக்குத் துயரம். ஊதா எல்இடி நேரே முகத்தில் அடித்தால் அங்கே தோலின் விவரமே பதிவாவதில்லை. அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கித் தருகிறார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நம் தோலுக்கு வந்த வஞ்சனை பழையது. 1950கள் முதல் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அதற்கு ஒத்துவந்தால் பிரிண்ட் சரி. பழுப்பு சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் குறை சொன்ன பிறகே ஃபிலிம் திருந்தத் தொடங்கியது. மனிதர்கள் சொன்னதற்கு அந்த மதிப்பு இருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

மாலையில் பெண்ணின் தாயார் மகளோடு வந்தார். "பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா."

"வெளிச்சம் கூட்டித் தர்றேம்மா. கலர மாத்துனா அது உங்க பொண்ணு இல்ல."

வெளிச்சம் மட்டும் கூட்டியது ஒன்று, கலர் ஏற்றியது ஒன்று என இரண்டு துண்டு பிரிண்ட் எடுத்து, பகல் வெளிச்சத்துக்காக வராண்டாவுக்குக் கொண்டுபோனார். டியூப்லைட்டில் காகிதத்தின் நிறமும் மாறித் தெரியும். பெண் தன் முழங்கையை நீட்டி இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தாள். "இதாம்மா நான்" என்று வெளிச்சம் மட்டும் கூட்டியதை எடுத்துக்கொண்டாள். தாயாருக்கு அரை மனசு. ஆல்பம் முழுக்க அதே கணக்கில் போகட்டும் என்று அக்கா சீட்டில் குறித்துக்கொண்டார்.